அறிக்கையில் இருந்த அந்த ஒரு வரி

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் எமது பெண்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விடயங்கள் பல உள்ளன. மார்பகப் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது இதுதான். ஆனாலும் அதன் பெயரைச் சொல்லாமல் "அந்த வருத்தம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இப்போது இந்த வருத்தத்தோடு சேர்ந்து இன்னொரு சொல்லும் எமது ஊர்களுக்குள் வந்திருக்கிறது. 'மரபணு' என்பதே அது. வைத்திய அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்டவுடன் "இது பரம்பரை வருத்தம்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு நோயாளியோடு நின்றுவிடுவதில்லை. அவளுடைய பெண் பிள்ளைகளின் வாழ்வையும் போய்த் தொடுகிறது.

எனது அக்காவின் வீட்டில் இதுதான் நடந்தது. அக்காவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "பேரைப் போடாமல் எழுது, ஆனால் எல்லாத்தையும் எழுது" என்றார் அவர்.

செல் துண்டு என்று நினைத்த கட்டி

அக்கா 2009 இல் வன்னியில் இறுதி யுத்தத்தின்போது செல் காயப்பட்டவர். இடது கமக்கட்டுக்குக் கீழே பட்ட காயம் ஆறிவிட்டது. ஆனால் இரண்டு சிறு துண்டுகள் உள்ளேயே தங்கிவிட்டன. எடுக்கப்போனால் நரம்பு பழுதுபடலாம் என்று வைத்தியர்கள் அவற்றை அப்படியே விட்டார்கள். எம்மில் எத்தனையோ பேர் இவ்வாறு உடம்புக்குள் இரும்போடுதான் நடமாடுகிறோம். மழை நாட்களில் நோகும். இரண்டு பனடோலைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அத்தான் அந்த நாட்களிலேயே காணாமல் போனார். ஒரே மகளை அக்கா தனியாகத்தான் வளர்த்தார்.

2020 கார்த்திகையில் குளிக்கும்போது இடது மார்பின் வெளிப்பக்கத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோவில்லை. "உது பழைய செல் துண்டு அசைஞ்சு வந்திருக்கும்" என்றார் அக்கா. அந்த நினைப்பிலும் நியாயம் இருந்தது. பதினொரு வருடமாக அந்தப் பக்கத்தில் எது நொந்தாலும் அதற்குக் காரணம் அந்தத் துண்டுகளாகவே இருந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தரிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இரும்போ வேற ஏதுமோ எண்டு கையால சொல்லேலாது அக்கா. நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கோ" என்று துண்டு எழுதித் தந்தார்.

ஸ்கான் செய்தபோது செல் துண்டுகள் இரண்டும் பழைய இடத்திலேயே இருந்தன. கட்டி வேறாக இருந்தது. ஊசியால் அதிலிருந்து சிறு பகுதியை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்தான் என்று உறுதியானது. 2021 தை மாதம் சத்திரசிகிச்சை நடந்தது.

வேலி கடந்த சொல்

சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வந்த ஆய்வுகூட அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. உயர்தரம் படித்த எனது பெறாமகள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ் என்று இரண்டு வரிகள். அதன் கீழே 'ஹேர்-2 பொசிட்டிவ், 3+' என்று ஒரு வரி. அவள் அதைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தாள். அது ஒரு ஜீன், அதாவது மரபணு என்று கண்டாள். மரபணு என்றால் பரம்பரை. பரம்பரை என்றால் தனக்கும் உண்டு. அவள் பயந்துபோய்த் தன் சிநேகிதியிடம் சொல்ல, அந்தச் சொல் ஒரே நாளில் வேலி கடந்துவிட்டது.

அப்போது அவளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குறிப்புப் பார்த்துப் பொருத்தம் என்றும் சொல்லியாகிவிட்டது. இரண்டு கிழமைக்குள் மாப்பிள்ளையின் தாய் தரகரிடம் சொல்லியனுப்பினார். "தாய்க்கு வந்தது பிள்ளைக்கும் வருமாமே. ஜீனிலயே இருக்காம். எங்களுக்கு ஒரே பொடியன்."

அக்கா நோயைக் கேட்டபோது அழவில்லை. மார்பை எடுத்தபோதும் அழவில்லை. அன்றுதான் அழுதார். "நான் செத்தாலும் பரவாயில்லையடி. என்ர பிள்ளையின்ர தலையில இதை எழுதி வச்சிட்டனே" என்றார்.

நான் ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்கு அக்காவோடு போனேன். முதலாவது கேள்வி, "டொக்டர், இது பிள்ளைக்கும் வருமோ?" என்பதுதான்.

அந்த இளம் வைத்தியர் அறிக்கையை மேசையில் விரித்து வைத்து ஆறுதலாகச் சொன்னார். "உங்கட அக்கா பிறக்கேக்க இந்த மாற்றம் இருக்கேல்லை. பிறகு, அந்தக் கட்டிக்குள்ள மட்டும் நடந்தது. பிள்ளைக்குக் கடத்துற விசயமில்லை. இந்த வரி உங்களுக்குச் சொல்லுறது பரம்பரையைப் பற்றியில்லை அம்மா, என்ன மருந்து குடுக்கவேணும் எண்டதைப் பற்றி."

அந்த மரபணு செய்யும் வேலை

அன்று விளங்கியதையும் பின்னர் கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் எனது வார்த்தையில் சொல்கிறேன்.

எமது உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆனது. கலத்தின் கருவுக்குள் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. மரபணுக்கள் இருப்பது அவற்றில்தான். நான் தையல் செய்து பிழைப்பவள். எனக்கு விளங்கிய விதத்தில், மரபணு என்பது சட்டை வெட்டுவதற்கு நாம் வைத்திருக்கும் கடதாசி அளவு போன்றது. அதைப் பார்த்து நாம் சீலையை வெட்டுவதுபோல, மரபணுவைப் பார்த்துக் கலம் ஒரு புரதத்தைச் செய்கிறது.

ஹேர்-2 என்பதன் முழுப்பெயர் 'மனித மேற்றோல் வளர்ச்சிக் காரணி வாங்கி 2' என்பதாகும். இதற்குரிய மரபணு 17 ஆவது நிறமூர்த்தத்தில் உள்ளது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் ஒவ்வொரு கலத்திலும் உண்டு. இது எல்லோரிடமும் இருப்பது. பெண்களிடமும் ஆண்களிடமும் நோயற்றவர்களிடமும் இருக்கிறது. ஆகவே அந்த மரபணு இருப்பது ஒரு குற்றமோ குறையோ அல்ல. கருவிலிருக்கும் குழந்தையின் இதயம் சரியாக உருவாவதற்கே அது தேவைப்படுகிறது.

அந்த மரபணுவைப் பார்த்துச் செய்யப்படும் வாங்கி, கலத்தின் வெளி ஓரத்தில் போய் நிற்கிறது. வாங்கி என்பது கலத்தின் காது எனலாம். உடம்பில் ஓடித்திரியும் வளர்ச்சிக் காரணிகள் வந்து தொட்டதும் "வளர், பிரி" என்ற கட்டளையை அது உள்ளே அனுப்புகிறது. இந்தக் குடும்பத்தில் நான்கு வாங்கிகள் இருக்கின்றன. இரண்டாவதான ஹேர்-2 இற்கு மட்டும் தனக்கென ஒரு வளர்ச்சிக் காரணி கிடையாது. அது மற்றச் சகோதர வாங்கிகளோடு சோடி சேர்ந்து அவற்றின் கட்டளையைப் பலப்படுத்துகிறது. காயம் ஆறுவதும் தோல் புதுப்பிப்பதும் இத்தகைய கட்டளைகளால்தான் நடக்கின்றன.

சில மார்பகக் கட்டிகளில் இந்த ஒரு மரபணு மட்டும் பிரதி மேல் பிரதியாகப் பெருகிவிடுகிறது. இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் இருபது, முப்பது என்று ஆகிவிடுகிறது. ஒரே அளவுக் கடதாசி முப்பது பேர் கையில் கிடைத்தால் கடை முழுவதும் அந்த ஒரே சட்டைதான் தொங்கும். அதுபோலச் சில பத்தாயிரமாக இருக்கவேண்டிய வாங்கிகள் ஒரு கலத்தில் இருபது இலட்சம் வரை நெருக்கியடித்து நிற்கும். அந்த நெருக்கத்தில் அவை ஒன்றோடொன்று தாமாகவே சோடி சேர்ந்துவிடும். வெளியிலிருந்து யாரும் கூப்பிடாமலே "வளர், பிரி" என்ற கட்டளை ஓயாது உள்ளே போய்க்கொண்டிருக்கும். இதனாற்றான் இவ்வகைக் கட்டிகள் வேகமாக வளர்கின்றன. மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேருக்குக் கட்டி இந்த வகையாக இருக்கிறது.

ஆய்வுகூடத்தில் கட்டியின் மெல்லிய சீவலுக்கு நிறமேற்றிப் பார்க்கிறார்கள். ஹேர்-2 வாங்கிகள் நெருக்கமாக இருந்தால் கலங்களின் ஓரம் முழுவதும் கபில நிறத்தில் தடித்துத் தெரியும். அதற்கு 3+ என்று போடுவார்கள். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ என்றால் கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியாது. மரபணுவின் பிரதிகளை எண்ணிப் பார்க்கும் 'பிஷ்' என்ற இன்னொரு பரிசோதனை செய்யவேண்டும்.

பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பீ.ஆர்.சீ.ஏ. 1, பீ.ஆர்.சீ.ஏ. 2 எனும் வேறு மரபணுக்களில் பிறப்பிலேயே வரும் பழுது அதற்கு ஒரு முக்கிய காரணம். மொத்த மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையானவையே பரம்பரையால் வருபவை. ஒரு குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதில் வந்திருந்தால் வைத்தியர்கள் அதைப் பற்றிக் கேட்பார்கள். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்ததில்லை. ஆயினும் தாய்க்கு வந்திருப்பதால் மகள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும் என்றும், தாய்க்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முந்தியே ஒழுங்கான பரிசோதனையைத் தொடங்கவேண்டும் என்றும் வைத்தியர் சொன்னார். கவனமாக இருப்பது வேறு, தலையெழுத்து என்று ஒதுக்குவது வேறு.

படுக்கையறையில் ஓர் ஆய்வுகூடம்

'வளர்ச்சிக் காரணி' என்று ஒன்று இருப்பதை உலகம் எப்படி அறிந்தது என்று தேடியபோது, அதன் தொடக்கத்தில் யுத்தத்தில் அகப்பட்ட ஒரு பெண் நிற்பதைக் கண்டேன். அதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அவர் பெயர் ரீட்டா லெவி மொண்டல்சினி. இத்தாலியின் தூரின் நகரில் 1909 இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வைத்தியப் படிப்பை முடித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1938 இல் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்ததால் அவரது வேலை பறிபோனது. அவர் வீட்டில் தன் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்தியாக்கினார். கோழி முட்டைக்குள் வளரும் கருவில் நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்த்தார். குண்டுவீச்சு தொடங்கியதும் நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்தார். அங்கும் சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் முட்டை வாங்கி வேலையைத் தொடர்ந்தார். 1943 இல் ஜேர்மன் படைகள் வந்தபோது புளோரன்ஸ் நகரில் பொய்ப் பெயரில் ஒளிந்திருந்தார். அந்நகரம் விடுபட்ட பின்னர் அகதிகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

யுத்தம் முடிந்து 1947 இல் அமெரிக்கா சென்றார். 1950களின் தொடக்கத்தில் நரம்பை வளரச் செய்யும் பொருள் ஒன்றைக் கண்டறிந்தார். அவரோடு வேலை செய்த ஸ்டான்லி கோகன் என்பவர் அந்த வழியிலேயே இன்னொரு பொருளைக் கண்டார். பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு அதைக் கொடுத்தால் வழமைக்கு முந்தியே கண்திறந்தன. அதுதான் மேற்றோல் வளர்ச்சிக் காரணி. 1986 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காரணி வந்து தொடும் காதுகளைத் தேடிப் போனதிலேதான் எமது ஹேர்-2 இன் குடும்பமும் தெரியவந்தது. ரீட்டா 2012 இல் தனது 103 ஆவது வயதில் காலமானார்.

முகாமில் கிடைத்த ஒரு கை மெசினில்தான் நான் தையல் பழகினேன். அதனாலோ என்னவோ, தீட்டிய தையல் ஊசியை நினைக்கும்போது அவர் எமது பக்கத்து வீட்டுப் பெண் போலத் தோன்றுகிறார்.

கெட்ட வரி நல்ல வரியானது

1987 இல் டெனிஸ் ஸ்லேமன் என்ற அமெரிக்க வைத்தியரும் அவரது குழுவினரும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். ஹேர்-2 மரபணு பெருகியிருந்த பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பி வந்ததையும், அவர்களது ஆயுள் குறுகியிருந்ததையும் கண்டார்கள். அன்றைய நிலையில் அறிக்கையில் இந்த வரி இருந்தால் அது கெட்ட செய்திதான்.

ஆனால் எதிரி எந்த வாசலில் நிற்கிறான் என்று தெரிந்தால் அந்த வாசலை மூடலாம். அந்த வாங்கியிலேயே போய் ஒட்டிக்கொண்டு அதன் கட்டளையைத் தடுக்கும் மருந்தை உருவாக்கினார்கள். அதன் பெயர் ட்ரஸ்டுசுமாப். கட்டளையைத் தடுப்பதோடு, உடம்பின் நோயெதிர்ப்புக் கலங்களுக்கு அந்தப் புற்றுநோய்க் கலத்தை அடையாளமும் காட்டிக் கொடுக்கிறது. 1998 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் இரசாயன சிகிச்சையோடு இதையும் கொடுத்தால் நோய் திரும்பி வரும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாக 2005 இல் பெரிய ஆய்வுகள் காட்டின. 2015 இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. விலை மிகக் கூடிய மருந்து இது. 2019 இல் இதற்கு ஒப்பான, விலை குறைந்த மருந்து ஒன்றுக்கும் அந்நிறுவனம் தகுதிச் சான்று வழங்கியது. அதன் பின்னரும் புதிய மருந்துகள் வந்துள்ளன.

கட்டியில் இந்த வாங்கி பெருகியிராதவர்களுக்கு இந்த மருந்து வழமையாகக் கொடுக்கப்படுவதில்லை. பெருகியவர்களுக்குத்தான் அது வேலை செய்யும். ஒரு காலத்தில் பயமுறுத்திய அதே வரிதான் இன்று மருந்துக்கு வழி காட்டுகிறது.

அக்காவுக்கு மூன்று கிழமைக்கு ஒரு தடவை, ஒரு வருடம், அரச வைத்தியசாலையில் இலவசமாகவே இந்த மருந்து ஏற்றினார்கள். இரசாயன சிகிச்சையைப் போல இதற்குத் தலைமயிர் கொட்டவில்லை. முதல் தடவை மட்டும் குளிரும் காய்ச்சலும் வந்தது. இதயத்துக்கும் அந்த வாங்கி தேவை என்பதால் சிலருக்கு இதயம் இரத்தத்தை அனுப்பும் வலு குறையலாம். ஆகவே சில மாதங்களுக்கு ஒரு தடவை இதய ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை அளவு சற்றுக் குறைந்ததால் மருந்தை நிறுத்தி, தேறிய பின்னர் தொடர்ந்தார்கள்.

மருந்தைவிடப் பயணமே பெரும்பாடாக இருந்தது. 2021 இல் கொரோனா முடக்கம். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு. பஸ் இல்லாத ஒரு நாளில் பக்கத்து வீட்டுத் தம்பி தனது மோட்டார் சைக்கிளில் எஞ்சியிருந்த பெற்றோலில் அக்காவை ஏற்றிப் போனார். ஒரு தடவையையும் தவறவிடவில்லை. 2022 ஆடியில் கடைசி மருந்து ஏறியது. இப்போதும் ஒழுங்காகக் கிளினிக் போய் வருகிறார். நோய் திரும்பவில்லை.

பிள்ளையின் கலியாணம்

முதலில் வந்த சம்பந்தம் திரும்பி வரவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போய் அந்தத் தாயிடம் விளக்கிச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார், தேத்தண்ணி தந்தார், ஆனால் மனம் மாறவில்லை. அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். யுத்தத்தில் மூத்த மகனைப் பறிகொடுத்த தாய் அவர். இன்னொரு இழப்பை நினைத்தே பயந்தார்.

அடுத்த சம்பந்தம் வந்தபோது, இதைச் சொல்லாமல் விடுவோமா என்று உறவினர் சிலர் கேட்டார்கள். அக்கா மறுத்துவிட்டார். "ஒளிச்சுச் செய்யிற கலியாணம் வேண்டாம். களவு செய்தனாங்களே?" என்றார். அறிக்கையையும் எனது கொப்பியையும் எடுத்துக்கொண்டு நாமே போய்ச் சொன்னோம். மாப்பிள்ளை இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டாவது கேள்வி, "மாமிக்கு இப்ப சுகமே?" என்பதாக இருந்தது. 2024 ஆவணியில் கலியாணம் நடந்தது.

சகோதரிகளே, கவனத்திற்கு

உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள் புதிதாகத் தென்படும் எந்தக் கட்டியையும் அதுதான் என்று தாமாக முடிவெடுக்க வேண்டாம். ஸ்கான் செய்யும் இடத்தில், முக்கியமாக எம்.ஆர்.ஐ. என்றால், உடம்பில் இரும்பு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். காந்தம் அதை இழுக்கக்கூடும்.

மார்பில் கட்டி, தோல் சுருங்குதல், முலைக்காம்பு உள்ளிழுத்தல், அதிலிருந்து இரத்தம் வடிதல், கமக்கட்டில் வீக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நோவு வரும்வரை காத்திராதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கிலோ காட்டுங்கள்.

நோய் உறுதியானால் அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹேர்-2 ஆகிய மூன்றும் என்ன என்று கேளுங்கள். முதல் இரண்டும் ஓமோன் வாங்கிகளைப் பற்றியவை. அவற்றுக்கும் தனி மருந்துண்டு. 2+ என்றிருந்தால் அடுத்த பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். ஹேர்-2 மருந்து ஏற்றும் காலத்திலும் அதன் பின் ஏழு மாதங்களுக்கும் கருத்தரிக்கக் கூடாது என்பதை இளம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். அறிக்கையின் ஒரு பிரதியை எப்போதும் உங்களிடமே வைத்திருங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடதாசிகளைத் தொலைத்தவர்கள் நாம். இதைத் தொலைக்க வேண்டாம்.

அயல் வீட்டுப் பெண்ணின் அறிக்கையில் 'மரபணு' என்ற சொல்லைக் கேள்விப்பட்டால், அதைத் தரகர் காதில் போடுவதற்கு முன்னர் அவளோடு ஒருநாள் கிளினிக்குக்குப் போய் வாருங்கள். மருந்து ஏற்றும் நாளில் பக்கத்தில் இருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்க அவளுக்கு ஒருவர் தேவை.